நடக்குதுங்க

அத்தியாயம் 17

ஒன்பது நாளாக அந்த வீட்டில் ஒரே கேள்விதான். போனில் பேசியது யார்?

நலப் பிரிவிலிருந்து கடிதம் வந்ததையும், அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அக்கா அதைப் பிடுங்கிப் படித்ததையும் போன வாரம் பார்த்தோம். நாலே வரி. 'பயனாளி நன்றாக நடக்கிறார். மாடி ஏறி இறங்குகிறார். உதவியாளர் தேவையில்லை என வீட்டார் தொலைபேசியில் தெரிவித்தனர். எனவே வீட்டுப் பராமரிப்பு நிறுத்தப்படுகிறது.' அதற்கும் கீழே, குறிப்பு என்ற இடத்தில், ஒரே ஒரு சொல்: 'கதவு.'

நன்றாக நடக்கிறாராம்.

தம்பி நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரையே புரட்டிப்போட்ட அந்தக் காய்ச்சல், அவனை நாற்பது நாள் மூச்சு இயந்திரத்தில் படுக்க வைத்தது. எழுப்பி அனுப்பும்போது இடுப்புக்குக் கீழே இருந்த பலத்தை எல்லாம் தன்னிடமே வைத்துக்கொண்டது. வலது கை விரல்களில் பாதியும் குரலில் பாதியும் அதோடு போயிற்று. ஒரு காலத்தில் கூட்டங்களுக்கு மைக் கட்டிக் கொடுப்பது அவன் தொழில். அதனால் எல்லோருக்கும் அவன் 'மைக்'. இப்போது அந்த மைக்கிலிருந்து கரகரப்புதான் வருகிறது. ஆனால் வாய் குறையவில்லை.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் உதவியாளர், வாரத்தில் இரண்டு நாள் பிசியோ மேடம். இந்த இருவரால்தான் அவன் நாட்கள் நகர்ந்தன. கடிதத்தோடு இருவரும் நின்றுபோனார்கள். கடைசி நாள் பிசியோ மேடம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "மூணு வாரம் கைவிட்டீங்கன்னா முட்டி மடங்கினபடியே நின்னுடும். அப்புறம் நானே வந்தாலும் நீட்ட முடியாது."

மூன்று வாரத்தில் ஒன்பது நாள் தீர்ந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்கு விசாரணை.

காலை ஏழு மணி. அக்கா தம்பியின் கக்கத்தில் கை கொடுத்து, தன் முழங்காலால் அவன் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்றாள்.

"மூணு" என்றான் தம்பி. "மெதுவா. நான் என்ன மூட்டையா?"

"மூட்டை வாய் பேசாது."

சக்கர நாற்காலியில் அவனை இறக்கி, திரும்ப ஒரு பக்கம் சாய்த்து, முதுகின் அடியைப் பார்த்தாள். நேற்று சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்த சிவப்பு இன்றைக்கு பாட்டில் மூடி அளவுக்கு ஆகியிருந்தது. அவன் கேட்பதற்குள் சட்டையை இழுத்து மூடினாள்.

அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். ஒன்பது நாளில் ஒன்பது வயது கூடியிருந்தது அவளுக்கு.

"அம்மா, இன்னிக்காவது யோசிச்சுச் சொல்லு. ஆபீஸ்ல இருந்து யாராவது கேட்டாங்களா, இவன் எப்படி இருக்கான்னு?"

"யாருடி கேக்கலை? எல்லாரும்தான் கேக்கிறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்கான்னுதான். வேற என்ன சொல்லுவாங்க? எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கோம்னுதானே வாயில வருது. கேக்கிறவங்ககிட்ட எல்லாம் உக்காந்து ஒப்பாரியா வைக்க முடியும்?"

"மாடி ஏறுறான்னு சொன்னியா?"

அம்மா விழித்தாள். "சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "சொல்லியிருப்பேனோ?" என்றாள்.

"அப்ப அந்தக் கதவு?"

"எந்தக் கதவுடி? ஒன்பது நாளா கதவு கதவுன்னா நான் எந்தக் கதவுக்குப் போவேன்? நம்ம வீட்டுக் கதவெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

தம்பி சிரித்தான். சிரித்தால் இருமல் வரும். வந்தது. அக்கா முதுகைத் தட்டிக்கொண்டே அம்மாவை முறைத்தாள். வேறு யார் பேசியிருக்க முடியும்? தம்பி சத்தியமாக இல்லை என்கிறான். அக்காவோ காலையில் போனால் சாயங்காலம் வருகிறவள். லிஃப்ட் மெக்கானிக். நகரத்துக் கட்டடங்களில் பாதி அவள் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான்.

இப்படி ஒரு கணக்கைப் போட்டு, ஒன்பது நாளாக அம்மாவோடு அவள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

*

நலப் பிரிவு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவை மூன்றாவது மாடியில் வைத்தவர் யார் என்பது இந்தக் கதையில் வராது. லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, அதன் முதுகில் 'பழுது' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள்.

அக்கா அட்டையைப் பார்க்கவில்லை. கதவின் இடுக்கைப் பார்த்தாள். மேலே இருந்த சாவித் துளையைப் பார்த்தாள்.

"இது பழுது இல்லடா. பூட்டி வச்சிருக்காங்க."

"அப்ப நீயே திறந்துடேன்."

"வேற கம்பெனி லிஃப்ட். கை வச்சேன்னா என் லைசென்ஸ் போயிடும்."

"அடுத்தவன் லிஃப்ட்டுக்கு இருக்கிற மரியாதை அடுத்தவன் உடம்புக்கு இல்ல பாரு" என்றான் தம்பி.

அவன் எதைச் சொன்னான் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

"விசாரணை என்னோடதுக்கா."

"உன்னோடதுதான். அதுக்காக மூணு மாடி தூக்கிட்டா போக முடியும்? பத்து நிமிஷம்டா."

தம்பி பதில் சொல்லவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் வாயை மூடிக்கொண்டால் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே இருந்த அதிகாரிக்கு மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியும் இருந்தன. காகிதத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று. மனிதரைப் பார்க்க இரண்டையும் கழற்றினார்.

"நாங்களா எதையும் எழுதலைம்மா. காய்ச்சல் காலத்துல வீடு வீடாப் போய்ப் பாக்கிறது நின்னுபோச்சு. போன்லதான் கேக்கிறோம். எல்லா அழைப்பும் பதிவுல இருக்கு."

"அப்ப போடுங்க, கேக்கலாம். எங்கம்மாவுக்கு வயசாச்சு. கேள்வியைச் சரியா வாங்காம ஏதாவது சொல்லியிருப்பாங்க."

அதிகாரி நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எதையோ தட்டினார். முதலில் ஒரு பெண் குரல் வந்தது. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுத் தேய்ந்துபோன குரல். பின்னால் 'கொர்' என்று ஓர் இரைச்சல்.

"வணக்கம், நலப் பிரிவுல இருந்து பேசறோம். நீங்கதானே பாத்துக்கறது?"

இரைச்சலுக்கு நடுவில் பதில் வந்தது. "ஆமா, நான்தான் பாக்கிறேன். சொல்லுங்க."

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அது அம்மா குரல் இல்லை.

"நடக்கிறதெல்லாம் எப்படி இருக்கு?"

"நடக்குதுங்க, நடக்குது. காலையில இருந்து நடந்துக்கிட்டேதான் இருக்கு."

"ஏறி இறங்குறது?"

"ஏறுது, இறங்குது. நாலு மாடியும் ஒரே மூச்சுல."

"உதவிக்கு ஆள் தேவைப்படுதா?"

"ஐயோ, ஆளே அனுப்பாதீங்க. நீங்க அனுப்புற ஆள்தான் எனக்குத் தொந்தரவு. நான் ஒருத்தியே பாத்துக்குவேன்."

"வேற ஏதாவது குறை?"

"கதவுதான் கொஞ்சம் லேட்டா மூடுது. அதையும் இன்னிக்கே முடிச்சுடறேன்."

விசைப்பலகை தட்டும் சத்தம். "சரிங்க, நன்றி" என்றது தேய்ந்த குரல். அவ்வளவுதான்.

இரைச்சல் எது என்று அக்காவுக்குத் தெரியும். அது லிஃப்ட் மோட்டார் சத்தம். ஒன்றரை மாதம் முன்பு, நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, நெற்றியில் டார்ச்சும் தோளில் போனுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்துச் செயலாளர் மணிக்கு ஒரு தரம் போன் செய்வார். நடக்குதா, நடக்குதா என்று கேட்பார். மேற்பார்வைக்கு வேறு ஓர் ஆளை அனுப்பி உயிரை எடுப்பார். இதுவும் அவர் ஆபீஸிலிருந்துதான் என்று நினைத்து, பாதியைக் கேட்டும் பாதியைக் கேட்காமலும் பதில் சொல்லித் தள்ளினாள்.

லிஃப்ட் நன்றாக நடந்தது. தம்பியின் முட்டி நின்றுபோகப் போகிறது.

"இது உங்கம்மாவா?" என்றார் அதிகாரி.

வாயைத் திறந்தாள். எதைச் சொல்வது? ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், யார் என்று கேட்பார். நான்தான் என்றால் தம்பியின் வழக்கு என்ன ஆகும்? நடக்கிறான் என்று சொன்னவளே வந்து இப்போது இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

நல்லவேளையாக மேசைத் தொலைபேசி அடித்தது. அதிகாரி எடுத்தார். காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். அறை முழுக்கக் கரகரத்தது.

"சார், விசாரணை என்னோடது. நான் கீழ இருக்கேன், நீங்க மேல இருக்கீங்க. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கால் வேலை செய்யுதோ, அவங்கதானே வரணும்?"

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "அவர் கீழயா இருக்கார்? ஏம்மா சொல்லல?"

"லிஃப்ட் பூட்டியிருக்கு."

"காய்ச்சல் காலத்துல கூட்டம் கூடாதுன்னு பூட்டினது. திறக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரல." சொல்லும்போதே அவருக்கே கூச்சமாக இருந்தது போலும். மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கினார். "வாங்க. விண்ணப்பதாரர் எங்க வர முடியுமோ அங்கதான் விசாரணை. போன மாசம் வந்த விதி. யாராவது கேட்டாதான் எங்களுக்கும் ஞாபகம் வருது."

படிகள் அறுபத்து நாலு. இறங்கும்போது அக்கா எண்ணினாள். அவரிடம் இருபதாவது படியில், "சார், அந்தப் பதிவைக் கீழ போட வேண்டாமே" என்றாள்.

"அவர் கேட்டா போட்டுத்தான் ஆகணும்."

"கேக்க மாட்டான்."

அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

*

கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் போட்டிருந்த அறையைத் திறந்தார்கள். கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே தூசு வாசம். அதிகாரி ஒரு கட்டுக் கோப்பின்மேல் கணினியை வைத்து முடிக்கவில்லை, அம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, நான்தான் சொன்னேன். மன்னிச்சிருங்க."

அக்கா திடுக்கிட்டாள். "அம்மா."

"சும்மா இருடி. ஒன்பது நாளா யோசிச்சுட்டேன். நான்தான் சொல்லியிருக்கேன். மாடின்னும் சொல்லியிருக்கேன், கதவுன்னும் சொல்லியிருக்கேன். எந்தக் கதவுன்னுதான் ஞாபகம் இல்ல. அதுக்காக என் பிள்ளைக்கு நிறுத்திடாதீங்க. தப்பு என்னோடது."

செய்யாத தப்பை ஒன்பது நாள் சொல்லிச் சொல்லி அவள் தலையிலேயே ஏற்றியாயிற்று. அவளும் அதை நம்பிவிட்டாள். அதற்குமேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா இல்ல. நான்" என்றாள்.

தம்பி தலையைத் திருப்பினான்.

"போன்ல பேசினது நான்தான்டா. வேலையில இருந்தேன். யாரோ லிஃப்ட்டைப் பத்திக் கேக்கிறாங்கன்னு நினைச்சேன். நடக்குதுன்னு சொல்லிட்டேன்."

"லிஃப்ட்டையா?" என்றாள் அம்மா.

"போடுங்க சார்" என்றான் தம்பி.

இரண்டாவது முறை கேட்பது முதல் முறையைவிடக் கொடுமை. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒலிபெருக்கியில் எங்கே சத்தம் பிசகுகிறது என்று அவன் அந்தக் காலத்தில் கேட்பது இப்படித்தான். 'நாலு மாடியும் ஒரே மூச்சுல' என்ற இடத்தில் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. கதவு வந்தபோது இருமலே வந்துவிட்டது.

அம்மாவுக்குத்தான் விளங்கியது. "அட, அந்தக் கதவா" என்றாள் நிம்மதியாக.

இருமல் அடங்கியதும் தம்பியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏறுது, இறங்குது" என்றான். "என்னை அஃறிணையில போட்டுட்டியே அக்கா."

"டேய், நான் உன்னைச் சொல்லலைடா."

"நீ சொல்லல. தெரியுது. ஆனா சார், அந்தப் பக்கம் கேட்ட பொண்ணு என்னைத்தானே கேட்டாங்க? ஒரு மனுஷனை ஏறுது, இறங்குதுன்னு சொல்றாங்க, கதவு லேட்டா மூடுதுன்னு சொல்றாங்க. உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலையே."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இப்படிப் போன்லயே எழுந்து நடந்தவங்க இன்னும் எத்தனை பேர் சார்?"

"நாலாயிரத்துச் சொச்சம்" என்றார் அதிகாரி மெல்ல. "எல்லாரும் தப்பான்னு எனக்குத் தெரியாது. மேல்முறையீட்டுக்கு வந்தது முப்பத்தாறு பேர்."

மிச்சப் பேர் எங்கே? மூன்று மாடி ஏற முடியாமல் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? அக்கா அதை யோசிக்க ஆரம்பித்தாள். அதற்குள் அதிகாரி கோப்பைப் பிரித்துவிட்டார்.

"நேரில பாக்காம நிறுத்தக் கூடாதுன்னு இந்த வாரம்தான் விதி வந்திருக்கு. ஆனா அது புது நிறுத்தத்துக்குத்தான். பழசுக்கு ஒரே வழி, அந்தப் பதிலே செல்லாதுன்னு காட்டணும். பயனாளி தானா சொல்லாத பதில் செல்லாது." அக்கா நிமிர்ந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க. உங்க விஷயத்துல அது செல்லும். நீங்க அவருக்குப் பொறுப்பாளர். நீங்க சொன்னா அவர் சொன்ன மாதிரி. ரெண்டு வருஷம் முன்னாடி கொடுத்த படிவம். இன்னும் உயிரோடதான் இருக்கு."

"அந்தப் படிவம் போட்டப்ப எனக்குத்தான் உயிர் இல்ல" என்றான் தம்பி. "அதை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா, இடையில அவங்க சொன்ன பதிலையும் மறுபரிசீலனைக்கு எடுக்கலாம். இப்பவே உங்களை நேர்ல கேட்டு எழுதிக்கலாம். ஆனா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். அப்புறம்..." அவர் அக்காவைப் பார்த்தார். "அப்புறம் இவர் விஷயமா நீங்க எங்கயும் பேச முடியாது. ஆஸ்பத்திரியிலயும் சேர்த்துத்தான்."

"எடுத்துடுங்க சார்" என்றான் தம்பி.

அக்கா கோப்பிலிருந்த படிவத்தையே பார்த்தாள்.

"என்னக்கா யோசனை? அந்தக் காகிதத்தால எனக்கு என்ன நடந்திருக்கு, நிறுத்தினதைத் தவிர?"

அம்மா வாயைத் திறந்தாள். அக்கா அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. நாற்பது நாளில் பதினெட்டாவது நாள் அது. ஆஸ்பத்திரியில் துணைக்கு யாரையும் விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். இயந்திரம் பத்து, காத்திருந்தவர்கள் முப்பது. ஒரு டாக்டர் வந்தார், தரையைப் பார்த்துக்கொண்டே. இவர் எழுந்தாலும் பழையபடி இருக்க மாட்டார், இயந்திரத்தை இன்னொருவருக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறோம் என்றார். அக்கா அந்தப் படிவத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, முடியாது என்றாள். அவனுக்காகப் பேச எனக்கு உரிமை இருக்கு என்றாள். அன்றைக்கு முழுக்க அதே இடத்தில் நின்றாள்.

அதை அவனிடம் அவள் சொன்னதே இல்லை. உன்னை இயந்திரத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார் என்பதை எந்த வாயால் சொல்வது?

அதே காகிதம்தான் அவனைப் பிழைக்க வைத்தது. அதே காகிதம்தான் இப்போது அவன் முட்டியை மடக்கப் போகிறது. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? இன்னொரு காய்ச்சல் வந்தால், இன்னொரு டாக்டர் தரையைப் பார்த்தால், அன்றைக்கு யார் பேசுவது?

"அக்கா" என்றான் தம்பி. குரலில் கேலி இல்லை. "நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து அவளுடையது போலவே இல்லை. தம்பி இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து, தானே எடுத்து, தானே பதித்தான். அவள் உதவிக்கு நீட்டிய கை நடுவழியில் நின்றது.

அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "சரி. முதல் கேள்வி. எப்படி இருக்கீங்க?"

அம்மாவின் உதடு அசைந்தது. பழக்க தோஷம். அக்கா அவளைப் பார்த்த பார்வையில் அது அப்படியே நின்றது.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முதல்ல இவங்க ரெண்டு பேரையும் வெளிய இருக்கச் சொல்லுங்க சார்."

"டேய்" என்றாள் அம்மா. "எங்ககிட்ட என்னடா ரகசியம்?"

"ரகசியம் இல்லம்மா. பதில்."

*

கதவு சாத்தப்பட்டது. அக்காவும் அம்மாவும் நடைபாதையில் நின்றார்கள். கையகலக் கண்ணாடி வழியே தம்பியின் பின்தலையும் அதிகாரியின் முகமும் தெரிந்தன. சத்தம் வரவில்லை.

"என்னத்தச் சொல்வான்?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

"முதுகுப் புண்ணைச் சொல்வானா? அவனுக்கு அது தெரியாதே."

"தெரியலம்மா."

"உனக்கு என்னதான் தெரியும் இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டு, அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அப்ப நான் சொல்லலைல்ல?" என்றாள்.

"நீ சொல்லலம்மா. நான்தான். ஒன்பது நாள் உன்னைப் போட்டு வறுத்துட்டேன்."

"விடு. நான்கூட சொல்லிட்டேன்னே நினைச்சேன்."

உள்ளே அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். எதையோ கேட்டார். தம்பி தலையை ஆட்டினான். அவர் கதவுக் கண்ணாடி வழியாக வெளியே ஒரு தரம் பார்த்தார். அக்காவின் கண்ணை அவர் கண் தொட்டதும் குனிந்துகொண்டார். பிறகு வேகமாக எழுத ஆரம்பித்தார்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதிவில் இருந்த கேள்விகள் மொத்தம் ஐந்துதான். ஐந்து கேள்விக்கு இருபது நிமிஷமா? தன்னைப் பற்றிப் புகார் சொல்கிறானோ? சொன்னால் சொல்லட்டும், தகும். ஆனால் அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் மாதிரி இருந்தது. யார் மேல் பரிதாபம்?

கதவு திறந்தது. அதிகாரி மட்டும் வெளியே வந்தார். கோப்பை மார்போடு அணைத்திருந்தார்.

"நிறுத்தினதை ரத்து பண்ணியாச்சும்மா. உதவியாளர், பிசியோ ரெண்டும் திங்கட்கிழமையில இருந்து வரும்."

அம்மா கைகூப்பிவிட்டாள். "நல்லா இருக்கணும் ஐயா நீங்க. காலையிலேயே எழுந்து வாசலைத் திறந்து வச்சிருப்பேன். முன்ன மாதிரி எட்டு மணிக்குத்தானே வருவாங்க?"

அதிகாரி ஒரு கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அடுத்ததையும் கழற்றினார்.

"உங்க வீட்டுக்கு வர மாட்டாங்கம்மா. அவர் வேற முகவரி கொடுத்திருக்கார்."

அம்மாவின் கூப்பிய கை அப்படியே இருந்தது.

"எந்த முகவரி?" என்றாள் அக்கா. "அவனுக்கு ஏது வேற முகவரி? யார் வீடு? காட்டுங்க சார்."

அவள் கோப்புக்குக் கை நீட்டினாள். அதிகாரி அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார்.

"காட்டக் கூடாதும்மா. நீங்க இப்ப அவருக்குப் பொறுப்பாளர் இல்லையே."